எச்சில் சாட்சி

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்ததாம். அதற்கு ஒரே ஒரு முதலாளி. அந்த ‘ஒரே ஒரு’ விஷயத்தில் மட்டும் அவர் ரொம்பக் கண்ணும் கருத்துமாக இருப்பார். தாத்தா கட்டிய கட்டடம், அப்பா தொடங்கிய கடை, ஒற்றைப் பிள்ளையாக அவர். பங்கு கேட்க ஆளில்லை என்று நிம்மதியாக இருந்தவரைத் தேடிக்கொண்டு ஒரு நாள் ஓர் அம்மாள் வந்தார்.

கண் பரிசோதிக்க வந்தவர் என்று நினைத்து முதலாளி எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போட்டார். அந்த அம்மாள் பலகையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார்.

“உங்க தாத்தாவோட தங்கச்சிதான் எங்கம்மாவைப் பெத்தவங்க. நான் உனக்கு அக்கா முறை ஆகணும், தம்பி.”

‘உங்க’வில் ஆரம்பித்து அதே மூச்சில் ‘உனக்கு’ என்று வந்துவிட்டதை முதலாளி கவனித்துக்கொண்டார்.

அக்கா ஓய்வு பெற்ற டீச்சராம். குடும்பத்துப் பழைய கதைகளையெல்லாம் சேர்த்து எழுதுகிறாராம். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கவுன்டர் மேல் விரித்தார். கட்டமும் கோடுமாக நூற்றுச் சொச்சம் பேர். தாத்தா இருந்தார், அப்பா இருந்தார். அப்பாவுக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

இந்தக் கட்டடத்தைத் தாத்தா எந்த வருஷம் கட்டினார், பத்திரத்தில் யார் யார் பெயர் இருந்தது என்று அக்கா கேட்டபோது முதலாளி சட்டென்று கல்லாப் பெட்டியைச் சாத்திப் பூட்டினார். வருஷம் தெரிந்தால் பழைய கடிதங்களோடு ஒத்துப் பார்க்கலாம் என்றார் அக்கா. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் மறந்துபோச்சு என்றே சொல்லி வைத்தார் முதலாளி.

கடைசியில் அக்கா ஒரு சின்னக் குழாயை எடுத்து வைத்தார். இதில் கொஞ்சம் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதுமாம். ரத்த சொந்தமா இல்லையா என்று பரிசோதித்துச் சொல்லிவிடுவார்களாம். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

முதலாளி பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் யோசனை கேட்டார்.

“துப்பிடாதீங்க. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடுற மாதிரி அது.”

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். துப்பினால் வழக்கு வரும். யோசித்து யோசித்து முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார்.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். முதலாளிக்கு இரண்டு வயது மூத்தவர். படிப்பை விட்ட கையோடு முதலாளியின் அப்பா கூட்டி வந்து தொழில் பழக்கிவிட்டவர். அவருடைய அம்மா ஒரு காலத்தில் முதலாளி வீட்டில் வேலை செய்தவர். அம்மா பாத்திரம் தேய்த்தாள், பிள்ளை கண்ணாடி தேய்க்கிறான் என்று சொல்லிச் சிரித்து, அவருக்குத் ‘தேய்ப்பு’ என்று பெயர் வைத்ததே முதலாளிதான்.

“தேய்ப்பு, இதுல கொஞ்சம் துப்பு.”

விஷயத்தைக் கேட்டதும் சக்கரத்தின் மேல் இருந்த கை நின்றது. “வேணாம் முதலாளி. அது சரியா வராது.”

“சரியா வரக்கூடாதுன்னுதானே உன்னைத் துப்பச் சொல்றேன். உன் எச்சில் என்ன பரம்பரைச் சொத்தா, கொடுத்தா குறைஞ்சிடுமா?”

தேய்ப்பு மூன்று தடவை மறுத்துப் பார்த்தார். வேலை வேண்டுமா வேண்டாமா என்று முதலாளி கேட்ட பிறகுதான் குழாயை வாங்கித் துப்பி, மூடியைத் திருகிக் கொடுத்தார்.

மறுநாள் அக்கா அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது, முதலாளி வாசல் வரை போய் வழியனுப்பினார். யாரோ ஒருத்தனுடைய எச்சில். சொந்தமே இல்லை என்று வரப்போகிறது. தொல்லை விட்டது.

ஆறு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா திரும்ப வந்தார். கண் கலங்கியிருந்தது. முதலாளி முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, ஒத்துப்போகலையாக்கா என்றார்.

“சந்தேகமே இல்லையாம், தம்பி. நம்ம ரெண்டு பேரும் ஒரே ரத்தம்னு அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க.”

காலியாக இருந்த கட்டத்தில் முதலாளியின் பெயரை அழகாக எழுதினார். பிறகு இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். கட்டடத்தைப் பற்றிக் கேட்டதும் நீ மிரண்டுவிட்டாய், அதனால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தேன், சொந்தம் என்று ஒருத்தர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அப்பா, அவனை மட்டும் கடையை விட்டு அனுப்பிடாதே என்று ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பது இப்போதுதான் உறைத்தது. பின்னறைக்குப் போனார்.

“உனக்குத் தெரியுமா?”

தேய்ப்பு சக்கரத்தை நிறுத்தினார். “சின்ன வயசுலேயே எங்கம்மா சொல்லிட்டாங்க.”

முதலாளிக்குக் குரல் ஏறியது. கமுக்கமாக இருந்து நேரம் பார்த்தாயா, சாட்சிக்குத் தாள் வந்தாச்சு, இனிமேல் பாதிக் கடையைக் கேட்பாயா, முழுசையும் கேட்பாயா என்று கத்தினார்.

மாடியில் குடியிருந்த முதலாளியின் அம்மா, கீழே என்ன சத்தம் என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல பெரியம்மா. கை தவறி ஒரு லென்ஸை உடைச்சிட்டேன், திட்டு வாங்கிட்டிருக்கேன்,” என்று தேய்ப்பு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“மெதுவாப் பேசு, தம்பி. அவங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா உன்னை முதலாளின்னு கூப்பிட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.