சத்தம் போடக் கூடாத நேரம்

“காலை எட்டு மணியிலேர்ந்து மத்தியானம் மூணு வரைக்கும் நம்ம தெருவுல சத்தமே வரக் கூடாது. அப்படிப் போட்டுக்கோம்மா” என்றாள் காஞ்சனா.

ஷாமியானாவின் கீழே இருந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது.

சிரிக்காதவள் இன்ஜினீயர் யுவஸ்ரீ மட்டும்தான். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இந்தத் தெருவின் விளக்குக் கம்பங்களில் சத்தத்தை அளக்கும் கருவி மாட்டப் போகிறார்கள். எந்த வீட்டுச் சத்தம் எல்லை மீறினாலும் அந்த வீட்டுக்காரர் போனுக்கு எச்சரிக்கை வரும்; கேட்காவிட்டால் அபராதம். ஆனால் தெரு எப்போது அமைதியாக இருக்க வேண்டும் என்பதைக் குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

“ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு. உலகம் பூரா அப்படித்தான்” என்று சங்கச் செயலாளர் விஜயராகவன் மைக்கில் முடித்தே வைத்துவிட்டார். தெரு நாய் குரைத்தால்கூட மனு எழுதுகிற மனிதர். டீயும் வந்தாயிற்று. அப்போதுதான் காஞ்சனா எழுந்தாள்.

“ராத்திரியும் இருக்கட்டும் சார். நான் சொன்னதையும் சேருங்க.”

“ஏம்மா, பகல்லதானே மனுஷன் வேலை செய்வான்? காய்கறி வண்டி வர வேணாமா? என் மாடியில வேலை நடக்குது, டைல்ஸ் அறுக்க வேணாமா?”

“மூணு மணிக்கு மேல அறுங்க. டைல்ஸ் எங்கயும் ஓடிப் போகாது.”

பக்கத்து வீட்டு மெர்சி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். “இன்னாக்கா நீ? கடைக்கு இட்லி மாவு போடறவ நீ. உன் வூட்டு கிரைண்டர் காலைல ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் ஓடுது. மொத ஃபைன் உனுக்குத்தான் வரும்.”

“தெரியும். நாளையிலேர்ந்து மூணு மணிக்கு மேலதான் ஆட்டப் போறேன். சாயங்கால மாவு வேணாம்னு ரெண்டு கடைக்காரங்க சொல்லிட்டாங்க. போகட்டும்.”

“பொழப்பக் கெடுத்துக்கினு இன்னாத்துக்கு இது?”

காஞ்சனா வாயைத் திறப்பதற்குள் விஜயராகவன் மைக்கில் பதில் சொல்லிவிட்டார். “வேற எதுக்கு? மேடம் சாப்பிட்டுட்டு நிம்மதியாப் படுக்கணும். ஒருத்தர் பகல் தூக்கத்துக்காகத் தெருவே வாயைப் பொத்திக்கணும்.”

மறுபடி சிரிப்பு.

“தூக்கத்துக்காகத்தான்” என்றாள் காஞ்சனா.

“யாரோட தூக்கம் மேடம்?” யுவஸ்ரீ கேட்டாள். “அவங்களைப் பேச விடுங்க சார்.”

காஞ்சனா எதிரே ஷீட் போட்ட லைன் வீடுகளைக் காட்டினாள். வரிசையாக ஜன்னல்கள், ஒன்று விடாமல் அட்டை வைத்து அடைத்திருந்தது.

“அங்க இருக்கிறவங்க எல்லாருக்கும் கம்பெனியில நைட் ஷிப்ட். கோடி வீட்டு மோகன் பிரஸ் மிஷின்ல நிக்கிறான். முந்தாநாள் நின்ன இடத்துலயே கண்ணசந்துட்டான். கையுறை மிஷினோட போயிடுச்சு, கை தப்பிச்சுது. அடுத்த தடவை தப்பிக்குமான்னு அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழறா. என் கிரைண்டரும் உங்க டைல்ஸ் மிஷினும் சேர்ந்துதான் சார் அவனைத் தூங்க விடலை.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மெர்சி புடவையை விட்டுவிட்டாள்.

விஜயராகவன் மட்டும் விடவில்லை. “அவ்வளவு கஷ்டம்னா அவனுங்களே வந்து சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வீடு நோட்டீஸ் போட்டேன். லைன் வீட்டுலேர்ந்து ஒருத்தனாவது வந்தானா பாருங்க. குடியிருக்கிற தெரு மேல கொஞ்சமாவது அக்கறை வேணாம்?”

அவர் குரல் ஸ்பீக்கரில் ஏறி லைன் வீட்டு ஷீட்டில் மோதித் திரும்பியது.

காஞ்சனா நேரே போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்தாள். பிறகு மெதுவான குரலில் சொன்னாள்:

“எப்படி சார் வருவாங்க? மணி பதினொண்ணு. அவங்களுக்கு இப்ப நடுராத்திரி.”