பச்சை தெரிந்த வயல்

கண்ணிவெடிகள் அகற்றப்படாததால் தவமலரின் வயலில் மூன்று ஆண்டுகளாக யாரும் கால்வைக்கவில்லை. வறட்சி முடிந்து பெய்த மழையில் அங்கே கோரைப்புல் மண்டியது. யாருக்கு நிவாரண அரிசி என்று தீர்மானிக்கும் செயற்கைக்கோள், அந்தப் பச்சையை நெல்லென்று எடுத்துக்கொண்டது.

நிவாரண முகாம் வரிசையில் இயந்திரம் 'வயலில் விளைச்சல் உண்டு' என்று காட்டி அவளுடைய அட்டையைத் திருப்பித் தள்ளியது.

"நல்ல விளைச்சல் போல. எங்களுக்கும் ஒரு மூட்டை தாவன்," என்றாள் பின்னால் நின்ற பக்கத்து வயல்காரி கனகேஸ்வரி.

தவமலர் சிரிக்கவில்லை. "புல்லுப் பிடுங்கப் போறன் அக்கா. பிள்ளையள் ரெண்டு நாளாப் பட்டினி."

"விசரி, அதுக்குள்ள இறங்கினால் பிள்ளையளுக்கு நீயும் இல்லை." கனகேஸ்வரி தன் முறை வந்ததும் வாங்கிய அரிசியில் பாதியை அவளுடைய பையில் கொட்டினாள். "கடவுள் தந்தது, பிடி."

"அடுத்த கிழமை?"

கனகேஸ்வரி மிச்ச அரிசிப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். கண்ணிவெடி அகற்றப்படாத அவளுடைய வயலிலும் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.