மூன்று தீவுகளின் முதலாளி

தண்டாயுதபாணி விரல்களில் இருந்த நான்கு மோதிரங்களையும் கழற்றி வேட்டி மடியில் முடிந்துகொண்டார். பட்டுச் சட்டையையும் கழற்றிவிட்டு, படகோட்டி கந்தவேலின் காக்கிச் சட்டையை வாங்கி மாட்டினார். கீழ்ப் பித்தான்கள் இரண்டும் வயிற்றுக்கு எட்டவில்லை.

"நீ கார்ல போய் குனிஞ்சு உக்காந்துக்கடா. நான் எங்கேன்னு யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

"உங்களுக்குப் படகு ஓட்டத் தெரியுமுங்களா?"

"படகு யாருதுடா?"

கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவன் அதை எடுத்துச் சொல்ல முடியுமா? கந்தவேல் போய்விட்டான்.

காலையில்தான் ஜலகண்டாபுரம் டீக்கடை சென்னியப்பன் மூச்சிரைக்க ஓடி வந்து சொல்லியிருந்தார். "அண்ணா, வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு. கடை கடையா ஏறி உங்களைப் பத்தியே விசாரிக்கறாருங்க. தறி எத்தனை, ஊடு யாரு பேர்ல, ஆளு எப்படின்னு. படகையும் பாக்கோணும்னு இப்பத்தான் பஸ் ஏறினாரு."

இன்கம்டாக்ஸ்! எழுபத்தொன்பதாம் வருஷத்தில் நாற்பது விசைத்தறி வைத்திருந்தவருக்கு வேறு யார் ஞாபகம் வரும்? பஸ் வருவதற்குள் காரில் பறந்து வந்து அணைக் கரையில் நின்றார்.

படகு, கொச்சியில் பழசாக வாங்கி லாரியில் ஏற்றி வந்தது. மேட்டூர் அணை நிரம்பினால், கோடையில் ஆடு மேயும் மேடுகளில் மூன்று மட்டும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தண்டாயுதபாணி வைத்த பெயர் தீவு.

ஞாயிறுதோறும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தீவுக்குப் போவார். நங்கூரம் போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்துவிட்டு இரண்டாவது தீவுக்குப் போவார். அங்கேயும் காப்பிதான். முதல் நாளே வாந்தியெடுத்த மனைவியும் மகளும் அதற்குப் பிறகு கரைப் பக்கமே வரவில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த தீவில் தென்னை இருந்ததால், இங்கேயும் பத்துக் கன்று நட்டுவைத்தார். தண்ணீர் வடிந்ததும் வந்த ஆடுகள் அந்தப் பத்திரிகையைப் படித்தவை அல்ல.

வெள்ளை வேட்டிக்காரர் கரைக்கு வந்து சேர்ந்தார். "ஏனுங்க, இது தண்டாயுதபாணிங்கறவரு படகுங்களா? ஒரு சுத்து போயிட்டு வரலாமுங்களா?"

"ஏறுங்க சாமி. நான் டிரைவருங்க."

ஐந்தாவது இழுப்பில் இன்ஜின் உயிர் பிடித்தது. படகு இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிவிட்டு, பிறகு மனசு வந்து முதல் தீவுப் பக்கம் திரும்பியது.

"முதலாளிக்கு நல்ல வசதியாட்டம் இருக்குதுங்களே?"

"எங்கீங்க வசதி? தறி பாதி நின்னு போச்சுங்க. ஓடறதும் மச்சினனோடதுங்க. காரு கூட இரவலுங்க."

"மாடி ஊடுன்னு சொன்னாங்களே?"

"மாடி ஊடுதானுங்க. மழை பேஞ்சா ரெண்டு மாடியும் ஒழுகுமுங்க."

வந்தவர் முகம் வாடியது. தண்டாயுதபாணிக்குத் தன் திறமையில் தனக்கே மரியாதை வந்துவிட்டது. இத்தனை நாள் நாடகத்தில் சேராமல் வீணாகத் தறி ஓட்டினோமே என்று நினைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லாத மனுசனுக்கு இந்தப் படகு எதுக்குங்க?"

யோசிக்க நேரம் வேண்டி நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். முழங்கால் ஆழத்தில் அது தரை தட்டியது. தன்னுடைய மூன்று தீவுகளையும் ஒரு முறை பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது.

"வெளிய சொல்லிராதீங்க சாமி" என்று குரலைத் தாழ்த்தினார். "முதலாளிக்குக் கிறுக்குங்க."

"கிறுக்கா!"

"இந்த மேட்டையெல்லாம் தீவும்பாருங்க. தனியா உக்காந்து காப்பி குடிச்சுட்டு அதுகளோட பேசிட்டிருப்பாரு. பாவம்னு யாரோ பழைய படகை அவருகிட்ட உட்டு வெச்சிருக்கறாங்க."

"இது... நடுவுல வந்ததுங்களா?"

"பரம்பரைங்க. அவங்கப்பாரு தறியில உக்காந்துட்டு ரயில் ஓட்டறேம்பாரு. தாத்தனைச் சங்கிலி போட்டே வெச்சிருந்தாங்க. ரத்தத்துலயே ஓடுதுங்க. இன்னும் ஏழு தலைமுறைக்குப் போகாதுன்னு வைத்தியரே சொல்லிட்டாரு."

ஊரில் தெளிவான மனுஷர் என்று பெயரெடுத்து இறந்துபோன அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஆரம்பித்த வேலையை அரைகுறையாக விடுவது அவருக்குப் பழக்கமில்லை.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதுமுங்க. கரைக்கே திருப்புங்க."

இரண்டு தீவுகள் பாக்கி இருந்தன. தண்டாயுதபாணி சந்தோஷமாகத் திருப்பினார். அரசாங்கத்தையே ஏய்த்துவிட்ட பூரிப்பில், கரையில் இடித்துத்தான் படகை நிறுத்தினார்.

இறங்கியதும் வந்தவர் இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். தண்டாயுதபாணி குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உள்ளதைச் சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கோணும். எங்க குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க" என்றார் வந்தவர்.

ஆபீசருடைய குடும்பத்துக்கு இதில் என்ன? தண்டாயுதபாணிக்குப் புரியவில்லை. வந்தவர் உள்பையில் கையை விட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"முதலாளியம்மா குடுத்து உட்ட பொண்ணு ஜாதகமுங்க. எம் பையனுக்குச் சரிப்படாதுன்னு சொல்லிருங்க."