நிற்க வேண்டியவள்

"அண்ணி, நீங்கதான் நிக்கணும்," என்றான் கொழுந்தன்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள். டாக்டர் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

டாக்டர் வரவில்லை. கொழுந்தனுக்குப் பின்னால் கட்சிச் செயலாளர் வந்தார்.

அவள் எழுந்து நின்றதைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தன் கண்ணாடிக் கடையில் செய்துகொடுத்ததுதான். நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், எம்.பி. கட்டிக்காத்த தொகுதி கண்டவன் கைக்குப் போய்விடக்கூடாது என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் நிற்கச் சொன்னது தேர்தலில்.

பொதுத்தேர்தல் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எம்.பி.யான அவள் கணவர் உயிரோடு இருக்கும்போது இன்னொரு தேர்தல் எதற்கு வரும்?



பொதுக்கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த அவள் கணவர் மைக்கைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார் என்று முந்தின நாள் மாலை ஆள் வந்து சொன்னபோது, அவள் ஒருவருக்குக் கண்ணாடி ஃப்ரேம் மாட்டி, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். மயக்கத்தில் இருக்கிறார், யாரையும் உள்ளே விடுவதற்கில்லை என்றார்கள்.

பெண்டாட்டியைக் கூடவா என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அறைக்கு வெளியே காத்திருந்து பழகிப்போனவள்.

கொழுந்தனிடம் கேட்டாள்.

"எப்ப போனாரு?"

கொழுந்தனும் செயலாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"இன்னும் இல்ல, அண்ணி," என்றான் கொழுந்தன்.

அவள் இருவரையும் விலக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். தடுக்க வந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அவர் கண்கள் மூடியிருந்தன. காதருகே குனிந்து, நான்தான் வந்திருக்கிறேன் என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். கையில் சூடு இருந்தது. ஆனால் பிடித்த கையை அவர் திருப்பிப் பிடிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அந்தச் சூடும் ஆறிவிட்டது.

நிற்கமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள். யார் யாரோ வந்து பேசிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் செயலாளரே வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு ஒரு விஷயம் சொன்னார். அன்று காலை எம்.பி. ஒரு கணம் கண்ணைத் திறந்தாராம். அவர் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அவள் பெயர்தானாம்.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மறுநாள் வேட்பாளராக மேடை ஏறினாள்.

போன இடமெல்லாம் செயலாளர் அதையே சொன்னார். ஜீப்பைச் சுற்றி நின்ற பெண்கள் விசும்பினார்கள். பேசத் தெரியாத அவள் மைக் முன்னால் சும்மா நின்றாலே போதுமானதாக இருந்தது. பெட்டிகளைத் திறந்து எண்ணியபோது, கணவர் ஒரு தடவைகூட வாங்காத அளவு ஓட்டு அவளுக்கு விழுந்திருந்தது.

முடிவை அறிவித்த பிறகு, ஓட்டு எண்ணிய கட்டடத்தின் பக்கத்து அறையில் அவளும் கொழுந்தனும் மட்டும் இருந்தார்கள். இத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்ததை அவனிடம் கேட்டாள். நிஜமாகவே என் பெயரைத்தான் சொன்னாரா?

அவன் ஆறுதலாக அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சத்தியமா, அண்ணி. நானும் பக்கத்துலதான் இருந்தேன். உங்களுக்கு அப்புறம் யாரை நிறுத்தட்டும்னு செயலாளர் அண்ணன்கிட்ட கேட்டாரு. கொஞ்சங்கூட யோசிக்காம உங்க பேரைச் சொன்னாரு."

வெளியே கூட்டம் அதே பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.