கிருபை உசிதம்

"ஏமய்யா லோகேசு, இன்னாய்யா எழுதி வெச்சிருக்கிற? வந்து பாரு, கண்ணைத் தொறந்து பாரு!"

சாலமோன் சார் போட்ட சத்தத்தில், பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆந்திராவில் இருக்கும் புத்தூர் தமிழ்ச் சபைக்குப் புதிதாக ஆர்ச் கட்டியிருந்தார்கள். பத்து மணிக்குப் பேராயர் வந்து திறந்து வைக்கிறார். இருபத்தைந்து வருடமாகச் செயலாளராக இருக்கும் சாலமோன் சாருக்கு அதே மேடையில் சால்வை. இப்போது மணி எட்டே முக்கால்.

ஆர்ச்சின் உச்சியில், நீல வண்ணத்தில் பளபளவென்று இருந்தது: 'தேவனின் கிருபை உசிதம்.'

தப்பைக் கண்டுபிடித்தவன் தமிழரசு. ஆரணிக்காரன், ஸ்ரீ சிட்டியில் வேலை, சபைக்குப் புதிது. காலையில் வந்தவன் நிமிர்ந்து படித்துவிட்டு, சும்மா இருக்காமல் சிரித்துத் தொலைத்தான்.

"சார், தெலுங்குலதான் உசிதம்னா ஃப்ரீ. பொம்பளைங்களுக்கு பஸ் உசிதம்னு சொல்றாங்களே, அது. தமிழ்ல உசிதம்னா தகுந்தது, பொருத்தமானதுன்னு அர்த்தம். இதைப் படிச்சா, தகுதி இருக்கிறவனுக்குத்தான் கிருபைன்னு ஆயிடுது. இலவசம்னு இருக்கணும் சார்."

"இலவசம்னுதான்யா நானும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன்!" என்று குதித்தார் சாலமோன் சார். தெலுங்குப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் தன் தமிழில் ஒரு கொம்பு, ஒரு கால் பிசகாது என்று அவருக்கு அத்தனை பெருமை.

லோகேஸ்வரன் தலையைச் சொறிந்தார். நகரியைச் சேர்ந்த பெயிண்டர், ஐம்பது வயது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு.

"ஜூன்ல தொறக்கிற நம்ம ஸ்கூலு, நாப்பது ரூம், காம்பவுண்டு சுவரு, எல்லாம் உனக்குத்தான்னு கமிட்டியில சொல்லி வெச்சேனே! இந்த லட்சணத்துல அதை எப்பிடிய்யா உனுக்குக் குடுக்கிறது?"

லோகேஸ்வரனின் கை சட்டைப் பையில் இருந்த செல்போன்மேல் போனது. கூடியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். மேடையில் ஜிகினாத் தாளுக்குள் காத்திருந்த சால்வையைப் பார்த்தார். கை பையிலிருந்து இறங்கிவிட்டது.

"தப்புதான் சார். தெலுங்கு படிச்ச புத்தி. ஒரு மணி நேரம் குடுங்க, மாத்திடறேன்."

"காயுமா?"

"இந்த வெயிலுக்குக் காயாம இன்னா செய்யும்?"

ஏணி ஏறினார். தமிழரசு கீழே பிடித்துக்கொண்டான். தன்னால்தான் இத்தனை ரகளை என்று அவனுக்கு மனசு உறுத்தியது.

"அண்ணே, ஸ்கூல் வேலை போயிடும் போலிருக்கே?"

"போனா இன்னா பண்றது தம்பி? அதை நம்பித்தான் பொண்ணைக் காலேஜ்ல சேக்கலாம்னு இருந்தேன். சரி, ஊர்ல வேற சுவரா இல்ல? நீ ஏணியைப் பாரு, ஆடிக்கினு கீது."

"பேராயர் ரேணிகுண்டா தாண்டிட்டாராம்!" என்று கத்தினார் சாலமோன் சார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஊர் சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி வாசலில் வந்து நின்றபோது 'உசிதம்' மறைந்து, 'இலவசம்' வந்திருந்தது. இடம் போதாமல் கடைசி 'ம்' மட்டும் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது.

பேராயர் அந்த வாசகத்தை வைத்தே இருபது நிமிடம் பேசினார். தகுதி பார்த்துத் தருவது சம்பளம், பார்க்காமல் தருவதுதான் கிருபை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தோளில் சால்வை விழுந்ததும் சாலமோன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே மனசும் இளகிவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் லோகேஸ்வரனைத் தேடிப் பிடித்தார்.

"நீ செஞ்ச வேலைக்கு உன்னைத் துரத்தி விட்டிருக்கணும். ஆனா பேராயர் சொன்னாரு பாரு, தகுதியே இல்லாதவனை மன்னிக்கிறதுதான் கிருபைன்னு! நான் உன்னை மன்னிச்சுட்டேன். ஸ்கூல் வேலை உனுக்குத்தான், போ. கிருபைன்னா இன்னான்னு இப்ப புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது சார்," என்றார் லோகேஸ்வரன். சிரிப்பை மறைக்க இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "பிரியாணி ஜோரா கீது. இன்னும் கொஞ்சம் துன்னுட்டுப் போறேன்."

சாயங்காலம் வீட்டில், சால்வையைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார் சாலமோன் சார். செல்போன் கிணுகிணுத்தது. லோகேஸ்வரன் புது எழுத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அடியில் ஒரு வரி: 'மறுபடி எழுதினதுக்குக் கூலி உசிதம் சார்.'

"பாரு, இன்னும் அந்தத் தெலுங்கு புத்தி போவல!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் விரல் பட்டுத் திரை மேலே ஓடியது. புதன்கிழமை அவரே அனுப்பிய செய்தி வந்து நின்றது:

'லோகேசு, ஆர்ச்சில் எழுத வேண்டியது: தேவனின் கிருபை உசிதம். ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது.'