இறங்கிய பிரஷர்

நாற்காலியிலிருந்து எழுந்ததும் கண் இருட்டி, கிரேன் ஆபரேட்டர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் மறுபடியும் பிரஷர் பார்த்தார். உட்கார்ந்திருந்தபோதே குறைவு. நின்றபோது இன்னும் குறைந்திருந்தது.

"எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கிடுது. மூளைக்குப் போதுமான அளவு போகலை. உயரத்துல வேலை பாக்குறவருக்கு இது ஆபத்தும்மா."

மனைவி குறுக்கிட்டார். "இவருக்கு ஹை பிரஷர்தானே டாக்டர்?"

"அதான் எனக்கும் புரியலை. மாத்திரையை ரெண்டு ரெண்டா போடுறீங்களா சார்?"

"ஒண்ணுதான் டாக்டர். முன்னாடியெல்லாம் இவளுக்குத் தெரியாம ஜன்னல் வழியா வீசிடுவேன். கூட வேலை பார்த்தவர் பிரஷர் ஏறிப் போய்ச் சேர்ந்துட்டாரு. அதுலேருந்து பயம். தினமும் கிரேன்ல ஏறுறதுக்கு முன்னாடி முழுங்கிடுறேன்."

மனைவியின் முகம் வெளிறியது.

"நிஜமாவே முழுங்குறீங்களா?"

"சத்தியமா."

"ஐயையோ! நீங்க வீசுறதைப் பார்த்துட்டு, நான் தனியா ஒரு அட்டை வாங்கி, தினமும் உங்க காப்பியில ஒண்ணைப் பொடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேனே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இனிமே உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் மட்டும் பயப்படுங்க."