பேட்டரி கழற்றிய பிறகு

சம்பவத்தின்போது இருந்தவர்கள் மூவர். ஜன்னலோர நாற்காலியில் நான், கட்டிலில் பட்டாணி உரித்தபடி என் மனைவி வைதேகி, டி.வி.க்கு முன்னால் நின்றபடி மகள் ஸ்நேகா. இடம் டெல்லி, கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸ். 2008 ஜனவரி, ஞாயிறு மாலை நான்கு மணி.

ஸ்நேகா வாங்கிவந்த வீடியோ கேமில், ஆளுக்கொரு ரிமோட்டை மட்டைபோல் வீசினால் திரையில் அவரவர் பொம்மை டென்னிஸ் ஆடும். வைதேகி ஒரு தரம் வீசிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பந்துக்குக் கனமே இல்லையேடி. இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

"மணிக்கட்டை ஆட்டினாலே போறும்மா. நிஜம் மாதிரி எதிர்பார்த்தா எப்படி?"

வைதேகி நிஜமாக ஆடியவள். கல்லூரி டென்னிஸ் இறுதிப் போட்டியன்றுதான் எங்கள் முகூர்த்தம். தேதியை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

உபயோகத்தில் இல்லாத ரிமோட்டில் நான் பேட்டரியை விட்டுவைப்பதில்லை. அவளுடையதிலிருந்து இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகும் அவள் பொம்மை ஆடியது. ஸ்நேகா வியர்க்க விறுவிறுக்க ஆடித் தோற்றாள். திரையில் வைதேகியின் பெயரும் வெற்றி பெற்ற தேதியும் வந்தன. 9-2-1979. எங்கள் கல்யாண நாள்.

மறுநாள் காலை கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஒன்று, பேட்டரி இல்லாமலே ஆடுகிறது. இரண்டு, தேதி தவறு, மாற்றித் தரவும்.

வைதேகி வாங்கிப் படித்தாள். "அன்னிக்குக் கெஞ்சினேன், தேதியை மாத்த மாட்டேன்னேள். இப்ப மட்டும் மாத்தணுமாக்கும்?"

"தப்பு தப்புதான்" என்று சொல்லி உறையை ஒட்டினேன். டி.வி. அணைந்திருந்தது. தெருமுனைத் தபால்பெட்டியில் கடிதத்தைப் போடும்வரை, வீட்டுக்குள்ளிருந்து பந்து அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.